எங்கள் சங்கீத ரீச்சரின் கல்வெட்டில் நாய் வரலாமா?

ஐந்தரைக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இணுவில், கோண்டாவில், தாவடிப் பக்கத்தில் வயலினோ வாய்ப்பாட்டோ படித்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். கொஞ்சம் நீளம்.

எங்கள் ரீச்சர் போன மாதம் 19ஆம் திகதி காலமாகிவிட்டார். வயது 82. பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படாது. காங்கேசன்துறை வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை, பச்சைப் படலை, படலைக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று மூக்குகள். பெரியவர்கள் அவரைச் சங்கீத ரீச்சர் என்பார்கள். கடைக்காரப் பையன்கள் நாய் ரீச்சர் என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு இன்னும் 17 நாள் இருக்கிறது. அன்று கொடுக்கும் கல்வெட்டை, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகத்தை, எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கணக்குப் படிப்பிக்கிறவள், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ரீச்சர் கலியாணம் செய்யவில்லை, பிள்ளைகள் இல்லை. கனடாவில் இருக்கும் பெறாமகன் (உடன்பிறந்தார் மகன்) செலவை ஏற்றிருக்கிறார். கடைசிவரை வீட்டுக்குப் போய் வந்தவள் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்.

அவர் அனுப்பிய குறிப்பு ஒன்றரைப் பக்கம். 1943இல் பிறந்தவர். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் ஆரம்பகால மாணவி. மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்த காலத்தில் படித்தவர். வட இலங்கைச் சங்கீத சபையின் கலாவித்தகர் பட்டம் பெற்றவர். 34 வருடம் அரச பாடசாலைகளில் இசை ஆசிரியர். எல்லாம் சரிதான், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. வாசித்து முடித்தபோது இது யாரைப் பற்றியது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் பங்குக்கு நாய்களைப் பற்றி ஒரு பக்கமும் ஆட்டைப் பற்றி அரைப் பக்கமும் எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்தக் கனடாத் தம்பி தொலைபேசியில் வந்தார். "அக்கா, எல்லாம் வடிவாக இருக்கிறது. ஆனால் கல்வெட்டில் நாய் வேண்டாம். சிவபுராணத்துக்கு அடுத்த பக்கத்தில் நாயா? சனம் என்ன சொல்லும்?"

அடுத்தது வெண்பா எழுதித் தரும் ஐயா. பழைய முறைக் கல்வெட்டில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவுக்குப் பிறகு மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும் அல்லவா? அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: "பிள்ளை, இங்கே புலம்புவதற்கு ஆர் இருக்கினம்?" (அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதியிருக்கிறேன். வெண்பாவில் மட்டும்தான் அவருக்கு இலக்கணம்.)

எனக்குத் தெரிந்த ரீச்சரைச் சொல்கிறேன். 1986 விஜயதசமியன்று எனக்கு ஏழு வயது. எல்லோருக்கும் போல மாயாமாளவகௌளை இராகத்தில் முதற்பாடமான சரளி வரிசை. 72 மேளங்கள் (தாய் இராகங்கள்) இருக்க 15ஆவதில் ஏன் தொடங்குகிறோம், அந்தப் பாடமுறையை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் யார் என்பதெல்லாம் பிற்பாடு வந்தன. முதல் நாள் அவர் சொன்னது, ஏழு சுரங்களுக்கும் ஏழு பிராணிகளின் குரலைப் பழைய நூல்கள் சொல்லியிருக்கின்றன என்பதை. ச மயில், ரி எருது, க ஆடு, ம கிரௌஞ்சப் பறவை, ப குயில், த குதிரை, நி யானை. "மயிலும் குதிரையும் யானையும் எங்கள் ஊரில் கோயில் வாகனமாகத்தான் உண்டு, அவை கத்தாது. மிச்சத்தை வளவுக்குள் தேடு" என்று எங்களை வெளியே அனுப்பினார். என் முதலாவது சங்கீத வகுப்பு மாட்டுக் கொட்டிலில் நடந்தது.

அந்த இராகத்தில் வரும் நி, அதாவது நிஷாதத்துக்குக் காகலி நிஷாதம் என்று பெயர். "காகம் பாடுகிறதா ரீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அன்று மதியம் மதிலில் சோறு வைக்கும்போது "காகலி, வா" என்று கூப்பிட்டார். அதிலிருந்து அந்த வளவுக்கு வந்த காகம் எல்லாமே காகலிதான். ஊரில் மற்றவர்கள் புரட்டாசிச் சனியில் காகத்தைத் தேடிப் போவார்கள். இங்கே நித்தமும் சனிக்கிழமை. குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில்தானே இடுகிறது, ஆகவே காகத்துக்கு வைக்கும் சோற்றில் பாதி பஞ்சமத்துக்கு, அதாவது ப என்ற குயிலுக்குப் போகிறது என்பது அவருடைய கணக்கு. ஆனால் குயில் பஞ்சமத்தில் பாடுகிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போகிறது, கேள். இதை எழுதியவர் ஒரு குயிலையும் கடைசிவரை இருந்து கேட்டதில்லை."

இப்போது வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் மூன்று பேர். திஸ்ரம்: பஸ் அடித்து ஒரு கால் போன நாய், மூன்று கால், தாளத்தில் மூன்று எண்ணிக்கைக்குத் திஸ்ரம் என்று பெயர், ஆகவே திஸ்ரம். மிஸ்ரம்: தாய் ஊர் நாய், தகப்பன் யாரோ வெளிநாட்டு இனம், கலப்பு, ஆகவே மிஸ்ரம். "ஏன் ரீச்சர் சதுஸ்ரம் இல்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "நான்கு காலும் ஒழுங்காக உள்ளதை வேறு யாரும் எடுப்பார்கள்" என்றார். மூன்றாவது ஒரு கிடாய். வைரவர் கோயில் வேள்விக்கென்று ஒருவர் வளர்த்ததைத் தன் ஓய்வூதியத்தில் விலை பேசி வாங்கி வந்தார். ஆடு என்றால் க, காந்தாரம். அதுவும் ஓர் இடத்தில் நில்லாமல் அந்தரப்பட்டுக்கொண்டே இருந்ததால் அந்தர காந்தாரம். கூப்பிடும் பெயர் அந்தரம்.

என் கேள்விகள் இரண்டு. கல்வெட்டில் நாய் வரலாமா, கூடாதா? உங்களிடம் இருக்கும் ரீச்சரை எனக்குத் தருவீர்களா? ஒரு பத்தி போதும். நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

---

டைனமோ எழுதியது:

அக்கா, நான் உங்களுக்குப் பின்னால் ஐந்தாறு வருடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிருதங்கம் படிக்க வேறிடம் போனேன். ஆனால் ரீச்சர் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சைக்கிள் மிதிக்கிறவன்.

பொருளாதாரத் தடைக் காலம் தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, துளி எண்ணெயில் திரி எரித்த காலம். வானொலியும் கசெற்றும் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுழற்ற வேண்டும், டைனமோ மின்சாரம் தரும். ரீச்சரிடம் ஒரு நாதஸ்வரக் கச்சேரிக் கசெற் இருந்தது. தவில் எங்கள் இணுவில் மண்ணில் 1933இல் பிறந்த தட்சிணாமூர்த்தி. நான் பிறக்குமுன்னே, 1975இல், போய்விட்டார். அவருடைய தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் என் கை சோர்ந்துவிடும். சுழற்சி குறைந்தால் மோட்டார் மெதுவாகும், காலப்பிரமாணமும் (தாள வேகம்) இறங்கும், சுருதியும் இறங்கும். நாதஸ்வரம் நோயாளி முனகுவது போலக் கேட்கும். ரீச்சர் உள்ளே இருந்து சத்தம் போடுவார்: "டேய், தட்சிணாமூர்த்தியைத் தாளம் தவற வைத்த ஒரே ஆள் நீதான்!"

இன்றைக்கு மேடையில் மிருதங்கத்தோடு உட்காரும்போது காலப்பிரமாணம் ஓட எனக்குப் பயம். வலது தோளில் இப்போதும் அந்தப் பெடல் இருக்கிறது.

நாய்க் கதைக்கு வருகிறேன். அப்போது ஆதி என்றொரு கிழட்டு நாய். வாங்கின் கீழ் படுத்திருக்கும். பொம்மர் (குண்டு விமானம்) வருவது எங்கள் காதுக்கு எட்டும் முன்னரே எழுந்து கொல்லைப்புறப் பங்கருக்கு (பதுங்குகுழி) நடக்கும். "ஆதி எழும்பிவிட்டது" என்றால் வகுப்பு முடிந்தது, எல்லோரும் பின்னால் போவோம். ஒருநாள் ஜண்டை வரிசை மூன்றாங்காலத்தில் வராமல் திண்டாடிக்கொண்டிருந்த ஒருவன் (நான் இல்லை, அவன் இப்போது ஜெர்மனியில் பெரிய ஆள்) வாங்கின் கீழ் காலை விட்டு ஆதியின் வாலை நசுக்கினான். ஆதி எழுந்தது. ரீச்சர், நாங்கள், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரும் பங்கருக்குள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், வானத்தில் ஒன்றும் இல்லை. ஆதி வாலை நக்கிக்கொண்டிருந்தது. ரீச்சர் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பங்கருக்குள் இருந்தபடியே சுருதி சேர்த்து ஜண்டை வரிசை முழுவதையும் மூன்று காலத்திலும் பாட வைத்தார். பனங்குற்றிக் கூரைக்குக் கீழ் குரல் எவ்வளவு கனமாக ஒலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆச்சியும் சேர்ந்து பாடினார்.

நாய் வர வேண்டும். ஆதியையும் சேருங்கள்.

---

கந்தபுராணக் கலாசாரம் எழுதியது:

அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்வெட்டு என்பது சமய நூல். வீட்டில் சாமிப் படத்தடியில் வைத்துப் படிப்பது. அதில் நாய், ஆடு, பங்கர் எல்லாம் மரபல்ல. பெறாமகன் சொல்வதே சரி. வேண்டுமானால் தனியாக ஒரு நினைவு மலர் போடுங்கள்.

---

மாட்டு வைத்தியன் எழுதியது:

மேலே எழுதிய ஐயாவுக்கு: சிவபுராணத்திலேயே நாய் இருக்கிறதே. மணிவாசகர் தன்னை "நாயிற் கடையாய்" என்று சொல்லிக்கொள்ளும் இடத்தை மறந்துவிட்டீர்களா? அடுத்த பக்கத்தில் இருந்தால் தீட்டு, அதே பக்கத்தில் இருந்தால் திருவாசகமா? தருமர் பின்னால் கடைசிவரை நடந்ததும் நாய்தான். வைரவர் எதில் வருகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஒழுங்கைகளில் சந்திக்குச் சந்தி அவர் இருக்கிறார்.

நான் அரச கால்நடை வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவன். ரீச்சரிடம் சங்கீதம் படித்தவன் இல்லை. சைக்கிள் கரியரில் மரப்பெட்டி கட்டி, அதில் நாயையோ பூனையையோ ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு தடவை வருவார். மாணவர்கள் கொடுக்கும் காசு பெட்டைகளுக்குக் கருத்தடை செய்யவே போய்விடும். தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இலங்கை அரசின் கொள்கையானது 2006இல். அதற்கு முன்பு நாய் பிடிக்கும் வண்டி வரும் நாள்களில் ஒழுங்கை நாய் முழுவதும் அவருடைய சங்கீத அறைக்குள் இருக்கும். வெளியே பிள்ளைகள் உரத்துப் பாடுவார்கள். பாட்டுச் சத்தத்தில் குரைப்பு கேட்காதாம்.

கல்வெட்டில் எழுத வேண்டியது இது. 2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை தெற்குக்குத் திறந்திருந்த காலம். ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்கிறார். "டொக்டர், எங்கள் நாயின் குரல் அரைச் சுரம் இறங்கிவிட்டது. அடித்தொண்டையில் கரகரப்பு இருக்கிறது. நேற்றிரவிலிருந்து." நான் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். நாய் சாப்பிடுகிறதா என்றேன், சாப்பிடுகிறது என்றார். கடித்ததா, இல்லை. வெறித்துப் பார்க்கிறதா, இல்லை. "குரல் மட்டும்தான்" என்றார். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். அவர் அதற்கு முன்பே நாயை மாட்டுக் கொட்டிலில் தனியாக அடைத்து, அன்றைய வகுப்பை நிறுத்தி, பிள்ளைகள் ஒருவரையும் உள்ளே விடாமல் மதிலில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்.

விசர் நோயில் (ரேபிஸ்) குரல்வளைத் தசைகள் செயலிழக்கும். குரைப்பு மாறும். படித்திருக்கிறேன், ஆனால் மற்ற அறிகுறிகள் வருமுன் அதை வைத்து ஒருவர் பிடித்ததை நான் என் சேவைக்காலத்தில் கண்டது அந்த ஒரு தடவைதான். மூன்றாம் நாள் வாய் தொங்கி எச்சில் வடியத் தொடங்கியது, நான்காம் நாள் செத்தது. தலையைக் கொழும்புக்கு அனுப்பினோம். விசர்தான். ரீச்சரும், அந்த நாயைக் கடைசியாகத் தடவிய இரண்டு பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அந்த நாய்க்கு அவர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. தெருவிலிருந்து வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாக இருந்தார். அதன் பிறகு எந்த நாயும் படலைக்குள் கால் வைத்த அன்றே பெட்டியில் ஏறிவிடும். வருடா வருடம் மீள ஊசி, அட்டையில் திகதி. அந்த அட்டைகளைத் தேடி எடுங்கள், பிள்ளை. திஸ்ரத்துக்கும் மிஸ்ரத்துக்கும் அடுத்த ஊசி எப்போது என்று அதில் இருக்கும்.

---

ஸ்காபரோக்குளிர் எழுதியது:

இதை வாசித்துவிட்டு வேலைக்குப் பிந்திப் போனேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எங்கள் குடும்பமும் ரீச்சரும் ஒன்றாகத்தான் நடந்தோம். இராணுவம் நெருங்கியதால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவு அது, அன்றைக்கு யார்தான் நடக்கவில்லை? அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் திரும்ப எழுதவில்லை. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தடியில் நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக நின்றது. எனக்குப் பத்து வயது.

ரீச்சரின் ஒரு தோளில் உடுப்புப் பை. இரண்டு கையிலும் வயலின் பெட்டி. தொங்கவிட்டுத் தூக்கவில்லை, தாம்பாளம் ஏந்துவது போல மட்டமாக, நெஞ்சுக்கு நேரே. என் அப்பா இரண்டு தடவை "தாருங்கோ, நான் தூக்குகிறேன்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்தவர் ஒருவர் பெருமூச்சோடு சொன்னார், "உயிர் போகிற நேரத்திலும் கலையை விடவில்லை பாருங்கள்." ரீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

பாலத்தடியில் என் தங்கச்சி அழத் தொடங்கினாள். பசி, நித்திரை, எல்லாம். ரீச்சர் குந்தியிருந்து பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் திறந்தார். உள்ளே தாய்ப் பூனையும் கண் திறக்காத இரண்டு குட்டிகளும். வில் வைக்கும் இடத்தில் ஒரு பழைய நூல் சேலைத் துண்டு. வயலின் வீட்டிலேயே இருந்தது. அதைப் பெட்சீற்றில் சுற்றி நெல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

கொடிகாமத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஐந்தாறு மாதம் இருந்தோம். 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் இல்லை, நெல்லும் இல்லை, வயலினும் இல்லை. "குட்டி போட்டிருக்கும்" என்று பகிடியாகச் சொன்னார். அதைப் பற்றி அதற்கு மேல் அவர் கதைத்ததை நான் கேட்கவில்லை. ஆனால் பசுவைப் பற்றிக் கதைப்பார். புறப்படும்போது கட்டவிழ்த்துவிட்டு வந்த சிவலைப் பசு. மற்றவர்கள் தங்கள் மாடுகளைக் குறியை வைத்து அடையாளம் கண்டு பிடித்தார்கள். ரீச்சர் தன் மாட்டுக்குக் குறி சுட விட்டதே இல்லை, நோகும் என்று. ஆகவே எந்தச் சிவலையையும் தன்னுடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாங்கள் கனடா வந்தது 1999இல். அதுவரைக்கும் வழியில் ஒரு சிவலைப் பசு நின்றால் சைக்கிளை நிறுத்தி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மிதிப்பார்.

அக்கா, அந்தப் பசுவின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்குத் தெரியுமா?

---

பக்கத்து வளவு எழுதியது:

நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று எழுதியிருப்பதால் எழுதுகிறேன், பிள்ளை. என்னை உனக்குத் தெரியும்.

எனக்கும் ரீச்சருக்கும் நடுவில் ஒரு பூவரச வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சில காலம் பதினொரு நாய். விடியற்புறம் நான்கரைக்குச் சுருதிப்பெட்டி, அதோடு நாய்கள் ஊளை, அதோடு பிள்ளைகள். நான் இரவு வேலை செய்தவன். 1989இல் என் மூத்தவனை ரீச்சரின் நாய் கடித்தது. அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றிப் போடுவது. பெடியன் துடித்த துடிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வேலியில் நின்று பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். ரீச்சர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வந்து பெடியனைத் தன் சைக்கிளில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நான் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எட்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை. ஏதும் தேவையென்றால் மனுசி மூலம்தான்.

1997 மார்கழி. ஊரடங்கு. என் பசு கன்று போட முடியாமல் இரவு முழுவதும் கிடந்து முனகியது. வைத்தியரைக் கூப்பிடப் போக வழியில்லை. வேலியடியில் ரீச்சரின் குரல் கேட்டது: "முனகல் வேறு மாதிரி இருக்கிறது. கன்று திரும்பிக் கிடக்கிறது போல. நான் வரவா?" வேலியைப் பிரித்து வழி விட்டேன். முழங்கை வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, மூன்று மணி நேரம். நான் விளக்குப் பிடித்தேன். வலி எடுக்கும் நேரமெல்லாம் தொடையில் தாளம் போட்டு எண்ணினார், எப்போது இழுக்க வேண்டும் என்று அதில்தான் சொன்னார். நாம்பன் கன்று. உயிரோடு வந்தது. கையைக் கழுவிவிட்டு "ரிஷபம்" என்று பெயர் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

அதன் பிறகு பெரிய ஒட்டுறவு என்றில்லை. ஆனால் பிரித்த வேலியை நான் திருப்பி அடைக்கவில்லை.

பதினொரு நாய் வளர்ப்பது பிழை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதையும் கல்வெட்டில் எழுது.

ஒரு விஷயம். போன கிழமை தொட்டு அந்த மூன்றுகால் நாய் இரவில் அந்த வேலி வழியாக வந்து என் விறாந்தையில் படுக்கிறது. துரத்திப் பார்த்தேன். மனுசி பாண் துண்டு போட்டுவிட்டாள். இனி என்ன செய்வது?

---

ஐந்தரைக்கட்டை எழுதியது:

எல்லோருக்கும் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

சங்கீதத்தில் எனக்கு அவர் எழுபது வருடம் வாசித்தாலும் தீராத அளவுக்குத் தந்திருக்கிறார். ஆனால் 2003 கதை எனக்குத் தெரியாது. வகுப்பு நிறுத்திய அறிவித்தல் ஞாபகம் இருக்கிறது. "ரீச்சருக்குச் சுகமில்லை" என்றுதான் அதில் எழுதியிருந்தது. டொக்டர் ஐயா, அட்டைகளைத் தேடி எடுத்துவிட்டேன், சரளி வரிசைக் கொப்பிக்குள் இருந்தன. திஸ்ரத்துக்கு அடுத்த மாதம், மிஸ்ரத்துக்கு ஆவணியில்.

"நாயிற் கடையாய்" பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரீச்சர் மாலையில் விளக்கு வைத்துச் சிவபுராணம் படிக்கும்போது திஸ்ரம் பக்கத்தில் கிடக்கும். அந்த வரி வரும்போது குனிந்து அதன் இரண்டு காதையும் பொத்துவார். பொத்தியபடியே பாடி முடித்துவிட்டுக் கையை எடுப்பார். ஒருநாளும் தவறவில்லை. இதைக் கனடாத் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கத்தில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, அதை எழுதுங்கள். ஆனால் ஒரு பக்கத்துக்கு மேல் நாய் வேண்டாம்" என்றார். இரண்டு பக்கத்துக்குப் பேரம் நடக்கிறது. விசர் நாய்க் கதையை நான் வேறு கணக்கில் சேர்க்கிறேன், அது ரீச்சரின் காதைப் பற்றியது.

கந்தபுராணக் கலாசாரம் ஐயா, கோபிக்க வேண்டாம். தேவார திருவாசகம் எல்லாம் முன்னால் இருக்கும், ஒரு பாட்டும் குறையாது.

புலம்பல் பகுதிக்கு வெண்பா ஐயாவிடம் "மாணவர் புலம்பல்" என்று போடச் சொன்னேன். முதலில் மறுத்தவர், பங்கர் கதையை வாசித்துக் காட்டியதும் அரை மணி நேரத்தில் எழுதித் தந்தார். அவரும் ஏதோ ஒரு காலத்தில் அந்த வகுப்பில் இருந்து ஓடினவர் என்று இப்போதுதான் வாயைத் திறக்கிறார்.

ஸ்காபரோத் தங்கச்சி, பசுவின் பெயர் கல்யாணி. என் முதல் வகுப்பு நடந்த கொட்டில் அவளுடையது.

பக்கத்து வளவு மாமா, உங்கள் வரி உள்ளபடியே வருகிறது: "பதினொரு நாய் வளர்ப்பது பிழை என்று அயலவர் ஒருவர் இன்றும் சொல்கிறார்." திஸ்ரத்தை வளவு மாற்ற வேண்டாம் என்று டொக்டர் ஐயா தனியாகச் சொன்னார், கிழட்டு நாய், பழகிய மணத்தோடு இருக்கட்டுமாம். பகலில் ரீச்சர் வீட்டில், இரவில் உங்கள் விறாந்தையில் என்றால் உங்களுக்குச் சம்மதமா? ரீச்சரின் பழைய சேலை ஒன்று மனுசியிடம் கொடுத்தனுப்புகிறேன், சாக்குக்கு மேல் விரித்துவிடுங்கள். மிஸ்ரத்தை நான் கூட்டிப்போகிறேன். அந்தரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கப் பயமாக இருக்கிறது. கொழுத்த கிடாய், வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்று யாருக்குத் தெரியும்? வீடு விற்கும்வரை அங்கேயே நிற்கட்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறார். தினம் குழை வெட்டிப் போட ஆள் வேண்டும். திங்கள், புதன், வெள்ளி நான்.

---

டைனமோ எழுதியது:

செவ்வாயும் சனியும் எனக்குத் தாருங்கள் அக்கா. கொக்கத்தடி என்னிடம் இருக்கிறது. பூவரசங்குழை போடலாமா?

---

பக்கத்து வளவு எழுதியது:

பூவரசை அது மணந்துகூடப் பார்க்காது. என் வேலியில் கிளுவை நிற்கிறது, வந்து வெட்டு. வியாழனும் ஞாயிறும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேலையை அனுப்பு, பிள்ளை.